மூன்று சிலுவைப் புத்தகங்கள்

அந்த நர்சம்மா தன் புத்தகங்களைப் பயத்தின்படி அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகித அட்டை. அட்டையின் மூலையில் பென்சிலால் சின்னச் சிலுவை. ஒரு சிலுவை இருந்தால் தனியாகப் படிக்கலாம். இரண்டு இருந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும். மூன்று சிலுவைப் புத்தகங்களைப் பட்டப்பகலில், வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் செபமாலையோடு மட்டும்தான் படிப்பார். அவருக்கு ரொம்பப் பிடித்தவை அந்த மூன்று சிலுவைப் புத்தகங்கள்தான்.

"பயமா இருந்தா எதுக்குங்க படிக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பயமா இல்லாட்டி எதுக்கும்மா படிக்கிறது?" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

சேந்தமங்கலத்தில் அப்போது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. கொல்லிமலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும், சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்களும் அங்கேதான் போவோம். நர்சம்மாவுக்கு அங்கே வேலை, பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் வீடு. கன்னியாஸ்திரீ இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆத்தூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். நாற்பது வயதிருக்கும். அவரைப் போலப் பயந்த ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பல்லி, இடி, பாழுங்கிணறு, பூட்டிய அறை, ஆள் இல்லாத வராந்தா, கவிழ்ந்து கிடக்கும் செருப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். "சேசு மரி சூசை!" வார்டில் யாராவது எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டால் நோயாளிகள் திடுக்கிடுவதற்கு முன்னால் அவர் குரல் கேட்கும்.

அவரை எனக்குப் பழக்கம் பண்ணிவைத்தது ஒரு வெறிநாய்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் நான்கு மாதம். கட்டுத்தரையில் சாணி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நாய் குரைக்கவில்லை. குரைத்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் தொங்க, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராக வந்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. என் சத்தம் கேட்டு வரப்பிலிருந்து ஓடிவந்தவன் என் கொழுந்தன், என் வீட்டுக்காரரின் தம்பி. அவனுக்கும் என் வயதுதான். கையில் கிடைத்த மண்வெட்டிக் காம்பால் ஓங்கி ஓங்கி அடித்தான். நாய் என்னை விட்டுவிட்டு அவன்மேல் ஒருமுறை பாய்ந்தது, பிறகு வேலிக்குள் புகுந்து ஓடியது. பக்கத்து ஊரில் அன்று மதியமே அதை அடித்துப் போட்டார்களாம்.

வாய்க்காலில் அவன் கையைக் கழுவும்போது பார்த்தேன். வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே ஒரே ஒரு பல் தடம். ஒரு சொட்டு ரத்தம்.

"நங்கை, இதைய யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றான். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவது. "இது பல்லு இல்லீங்க. வேலிமுள்ளுக் கீறுனது. பதினாலு ஊசி, அதும் வவுத்துல போடுவாங்களாமா. என்னால ஆவாதுங்க நங்கை."

"வெளையாடாத. அது பல்லுதான்."

"முள்ளுங்க. சத்தியம் பண்ணுங்க, சொல்றதில்லைன்னு."

என் கால் எரிந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று தலை சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் காப்பாற்ற வந்தவன் கெஞ்சுகிறான். அவன் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். ஈரமான அந்தக் கையின் சூடு இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் தோட்டத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நாய் கடிச்ச கர்ப்பிணிக்கு உள்ளார குட்டி குலைக்குமாமா சாமி" என்றாள். என் மாமியார் அவளைத் திட்டி அனுப்பினார். ஆனால் அன்றிலிருந்து நான் தனியாக இருக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு என் வயிற்றைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. மருந்து குன்னூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்திருந்தது. பதினாலு நாள், தொப்புளைச் சுற்றி ஒரு நாளைக்கு ஓரிடம். பெரிய கண்ணாடி சிரிஞ்சைப் பார்த்ததும் நான் மேசையிலிருந்து இறங்கிவிட்டேன். நர்சம்மா என்னைப் பிடிக்கவில்லை, அதட்டவும் இல்லை.

"எனக்கும்தாம்மா பயம்" என்றார். "இந்த ஊசியைக் கொதிக்க வைக்கிற சத்தமே எனக்கு ஆகாது. தோலுக்கடியிலதான் போகும் கண்ணு. பாப்பா வீடு ரொம்ப உள்ள இருக்கு. நீ படு, நான் ஒரு கதை சொல்றேன். ரெண்டு சிலுவைக் கதை."

மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆட்களின் கதை அது. ஏதோ நாவலாம், எழுதினவர் யார் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. தன் கண்களை அகல விரித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, பக்கத்து அறையில் யாரோ ஒட்டுக்கேட்பதைப் போலச் சொல்வார். சொல்லும்போது அவர் கையில் ரோமம் சிலிர்த்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊசி உள்ளே போய் வெளியே வந்த பிறகுதான் எனக்கு வலிக்கும்.

மூன்றாம் நாள் கதையில் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. நான் அழுதுவிட்டேன். அந்த நாட்களில் தினம் காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். வெறி கண்டால் தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இழுக்கும் என்பார்கள். தொண்டை இழுக்கிறதா, பயம் வருகிறதா? பயம் வரத்தான் செய்தது. அது நோயின் பயமா, நோயைப் பற்றிய பயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை நர்சம்மாவிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்தக் கதையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுரங்கத்துக்குள் புகை ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டார், "அந்த நாய் வேற யாரையாச்சும் கடிச்சுதாம்மா? கீறினாலும் சரி, எச்சில் பட்டாலும் சரி. யாரா இருந்தாலும் ஊசி போட்டுடணும்."

என் கொழுந்தன்தான் அன்று வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே அவன் காளைகளுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

"இல்லீங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

பதினாலு நாளும் முடிந்த பிறகு நான் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். மருந்து அலமாரி ஒன்று பழசாகிப் போனதை வாங்கி அதில்தான் புத்தகங்களை வைத்திருந்தார். அர்ச்சிஷ்டவர்கள் என்று அவர் சொல்லும் புனிதர்களின் சரித்திரம் ஒரு தட்டு. அதிலும் வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகள் கதைதான் அவருக்கு உயிர், கொதிக்கும் எண்ணெய், சிங்கம், சக்கரம் என்று. அதற்கெல்லாம் தயங்காமல் மூன்று சிலுவை. கீழ்த்தட்டில் துப்பறியும் நாவல்கள், பேய்க் கதைகள். நடுங்க வைக்கும் பக்கம் எதுவோ அதில் ஒரு மாதா படத்தைச் செருகி வைத்திருப்பார். புத்தகம் மூடியிருக்கும்போது உள்ளே இருப்பது வெளியே வந்துவிடக் கூடாது அல்லவா?

இதெல்லாம் பாவமோ என்ற பயமும் அவருக்கு உண்டு. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் போய், "கொலைக் கதை ஒண்ணு வாசிச்சேன் சாமி" என்று சொன்னாராம். பங்குச் சாமியார், "கொலை பண்ணினது யாரும்மா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் நர்சம்மா வயிறு குலுங்கச் சிரிப்பார்.

சினிமாவும் அப்படித்தான். ஒரு நாள் நாமக்கல்லில் மேட்னிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் கொழுந்தன் துணைக்கு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். பேய்ப் படம் இல்லை. பழைய பகையைத் தீர்க்க ஊர் திரும்பும் ஒரு லாரி டிரைவரின் கதை. ஆனால் நர்சம்மா பாதிப் படத்தை முந்தானைக்குள்ளிருந்துதான் பார்த்தார். "போயிட்டானா? கத்தி இருக்கா கையில? நீ பார்த்துச் சொல்லு" என்று என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிடித்த படங்களில் எதையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணை மூடிய இடங்களைத் தானே இட்டுக்கட்டிக்கொள்வார். அவர் இட்டுக்கட்டியது படத்தைவிடப் பயங்கரமாக இருக்கும்.

படத்தின் கடைசியில் ஆற்றில் வெள்ளம் வரும். பாலத்தின்மேல் லாரி நிற்கும். என் கொழுந்தனுக்கு அந்தப் படம் பைத்தியமாகிவிட்டது. அடுத்த வாரமும் போனான், அதற்கடுத்த வாரமும் போனான். வண்டி ஓட்டும்போது அந்த டிரைவர் மாதிரியே துண்டைக் கழுத்தில் முடிந்துகொள்வான். எனக்கும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்திருந்தது. முள்ளாகத்தான் இருக்கும் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

நாய் கடித்து நாற்பது நாள் தாண்டியிருக்கும். ஒரு காலை அவன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே சமையல்கட்டுக்கு வந்தான்.

"கை மதமதங்குதுங்க நங்கை. எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது."

நான் அவனுக்காக ஆற்றிக்கொண்டிருந்த காப்பி அப்படியே நின்றது. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினேன். ஏன் நீட்டுகிறேன் என்று அவனுக்கும் தெரிந்தது. வாங்கினான். உதட்டருகே கொண்டுபோனான். அவன் கழுத்து நரம்புகள் கயிறு போல எழுந்தன. சொம்பு தரையில் விழுந்து உருண்டது.

அன்றைக்கே வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. என் மாமியார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்து தலையை அசைத்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோடியில் இருந்த ஓர் அறையில் அவனைப் படுக்க வைத்தார்கள். காற்றுப் பட்டாலே தொண்டை இழுத்துக்கொண்டது, வெளிச்சம் பட்டால் உடம்பு முறுக்கியது. ஜன்னல்களில் கம்பளியைக் கட்டினார்கள். வார்டு ஆட்கள் கதவு வரைக்கும் வந்து நின்றுகொண்டார்கள். கடித்துவிடுவான், எச்சில் படும் என்று பேச்சு. வராந்தாவில் இருந்த நோயாளிகள்கூடப் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று என்னைப் புங்கமரத்தடியில் உட்கார வைத்தார்கள். அந்த மரத்தடியிலிருந்து அறையின் கதவு தெரிந்தது.

மயக்க ஊசி போடுவதற்கு நர்சம்மாதான் உள்ளே போக வேண்டியிருந்தது. கையில் தட்டோடு வராந்தாவில் வந்தபோது அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஊசி போட ஐந்து நிமிஷம் ஆகுமா? அவர் வரவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. என் வீட்டுக்காரர் கதவருகே போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"கதை சொல்லீட்டு இருக்கறாங்க" என்றார். அவராலேயே நம்ப முடியவில்லை. "அந்த லாரிப் படத்துக் கதை."

கொஞ்ச நேரத்தில் எனக்கும் கேட்டது. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி. இடையில் அவன் வலியில் அலறுவான். அப்போது கதை நிற்கும். அலறல் அடங்கியதும் மறுபடி தொடங்கும். ஒருமுறை அவன் குரல் தெளிவாகக் கேட்டது. "அது அப்படி இல்லீங்க நர்சம்மா, நீங்க கண்ண மூடீட்டீங்க. நாஞ் சொல்றேன், கேளுங்க." கடைசியில் ஆறு வரும், வெள்ளம் வரும் என்று நான் புடவையைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நர்சம்மா சொன்ன கதையில் பாலத்துக்கு அடியில் ஆறு ஓடவில்லை. ரயில் ஓடியது.

அன்று பொழுது சாயும்வரை அவர் அறைக்குள்ளேயே இருந்தார். மறுநாள் மதியத்துக்கு மேல் அவன் போய்விட்டான். ஊரெல்லாம் அந்த வேதக்கார நர்சம்மாவின் தைரியத்தைத்தான் பேசியது. பல்லிக்குப் பயப்படுகிறவள் வெறி கண்டவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்றார்கள். நான் அவரைப் பார்க்கவே போகவில்லை. ஒன்பதாம் நாள் அவர் என் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வையை என்னால் மறுபடி தாங்க முடியாது என்று இருந்தது. பிரசவத்துக்குக்கூட மல்லசமுத்திரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பெண் குழந்தை. அழுத முதல் சத்தம் மனுஷக் குழந்தையின் சத்தம்தானா என்று மருத்துவச்சியைக் கேட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அதன் பிறகும் பல வருஷங்களுக்குக் காலையில் அந்தச் சொம்பைப் பிடித்துப் பார்ப்பதை நான் விடவில்லை.

பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் கழித்து, மகளுக்குக் கண் பரிசோதனைக்காகச் சேலம் போயிருந்தோம். அஸ்தம்பட்டியில் டாக்டர் வீட்டுத் தெருவில், ஒரு காம்பவுண்டு வாசலில் "சேசு மரி சூசை!" என்று சத்தம் கேட்டது. ஸ்கூட்டர் ஒன்று பட்டென்று வெடித்துப் புகை விட்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, வேறு மாற்றமில்லை.

கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். தங்கை மகள் வீட்டோடு இருந்தார். அலமாரி அப்படியே இருந்தது. புதிதாக வந்திருந்தது ஒரு டி.வி. பெட்டி. அதற்கும் மேலே ஒரு மாதா படம். அவருடைய நாற்காலி மட்டும் எல்லாரையும் விட்டுத் தள்ளி, வாசற்படியை ஒட்டிக் கிடந்தது.

"வாரத்துக்கு ஒரு நாள் துப்பறியற கதை போடறான், இந்தியில" என்றார் உற்சாகமாக. "பாஷை தெரியாதா, யாரைச் சந்தேகப்படறதுன்னே தெரியலை. அதனால எல்லாரையும் சந்தேகப்படறேன். நாலு சிலுவை போடலாம்."

என் மகளைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். அவள் டி.வி. பார்க்கப் போனதும் நான் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷம் தொண்டையில் கிடந்தது.

"நாய் வேற யாரையாச்சும் கடிச்சுதான்னு கேட்டீங்களே, அன்னிக்கு நான் பொய் சொன்னேனுங்க."

"தெரியும்மா. நீ பண்ணின சத்தியத்தை அந்தத் தம்பி சொல்லிடுச்சு."

"என்னைய... ஏதாச்சும் சொன்னானுங்களா?"

"உனக்குக் குழந்தை நல்லபடியா பொறந்துச்சான்னு கேட்டுச்சு. இன்னும் மூணு மாசம் இருக்குப்பான்னேன். அது மறந்து மறந்து கேட்டுச்சு. நாலஞ்சு தடவை கேட்டுச்சு."

நான் அழுது முடிக்கும்வரை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, யாரோ ஒட்டுக்கேட்பதைப் போன்ற அந்தப் பழைய குரலில் சொன்னார்.

"நானும் ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. பாவசங்கீர்த்தனத்துலகூட நான் இதைச் சொன்னதில்லை. நான் ஒண்ணும் தைரியமா உட்காரலை அங்க. ஊசியைப் போட்டுட்டு ஓடி வந்துடணும்னுதான் போனேன். போட்டேன். எந்திரிக்கப் பார்த்தா காலு ரெண்டும் வரலை. பயத்துல உணர்ச்சியே இல்லை. கதவைப் பார்க்கிறேன், நாலு அடிதான் இருக்கு, போக முடியலை. அந்தத் தம்பி என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வாய்க்கு வந்த கதையை ஆரம்பிச்சேன். அது என்னைக் கடிக்காம இருக்கணுமேன்னுதான் ஆரம்பிச்சேன், மாதா சத்தியமா."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"அரை மணி நேரம் இருக்கும். அப்புறம் காலு வந்துடுச்சு. நல்லாவே வந்துடுச்சு. ஆனா என்ன பண்றது, கதை பாதியில இருந்துச்சே."